சும்மா யாக்கோப்பு

யாக்கோப்பருக்கும் மகள் றஜீனாவுக்கும் வந்த சண்டை, ஊர் எதிர்பார்த்த சண்டை இல்லை. ஊர் எதிர்பார்த்த சண்டை நான்கு வருடத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். மகனாகப் பிறந்து வளர்ந்த பிள்ளை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையில் வைத்து, "அப்பா, நான் பொம்பிளை. எனக்கு விளங்கின நாளில இருந்து அப்பிடித்தான்" என்று சொன்னபோது அவர் குதிப்பார், கோப்பையைத் தூக்கி எறிவார் என்று லூயிஷாமில் இருந்த சொந்தக்காரர் எல்லாரும் பிற்பாடு கணக்குப் போட்டார்கள். யாக்கோப்பர் அப்போது நண்டுக்கால் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டு முடித்துவிட்டு, "சரி, சாப்பிட்டிட்டுக் கதை, குழம்பு ஆறுது" என்றார். மனைவி றோஸ்மலர்தான் இரண்டு கிழமை அழுதாள். மூன்றாம் கிழமை, காது குத்தினால் போடுவதற்கு என்று தோடு வாங்கக் கடைக்குப் போய்விட்டாள்.

இப்படி ஒரு தகப்பனா என்று கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அதுதான் பிழையாய்ப் போயிற்று. யாக்கோப்பருக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது. லண்டனில் இருபது வருடமாக பஸ் ஓட்டுகிறவர், அதில் ஒரு நாளும் யாரும் அவரைப் பாராட்டியதில்லை. இதில் பாராட்டினார்கள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் றோல்ஸும் கொடுக்கும் நேரத்தில், யாரும் கேட்காமலே, "நான் ஏத்துக்கொண்டிட்டன்" என்று தொடங்குவார். பக்கத்தில் நிற்பவர் மழையைப் பற்றிக் கதைத்தாலும் சரி, வீட்டுக் கடன் வட்டியைப் பற்றிக் கதைத்தாலும் சரி, கதை எப்படியோ சுற்றி வளைத்து அங்கே வந்து நிற்கும். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிள்ளையைத்தான் பூசைப் பக்கம் யாரும் கண்டதில்லை. அவள் வால்தம்ஸ்டோவில் தனியாக இருந்தாள், ஆஸ்பத்திரி ஒன்றில் பிசியோதெரப்பிஸ்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நண்டுக் கறிக்கு வீட்டுக்கு வந்துபோவாள்.

இந்த றஜீனா வால்தம்ஸ்டோவில் ஒரு கூட்டம் ஒழுங்கு செய்தாள். தன்னைப்போல ட்ரான்ஸ் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் மேடையில் ஏறி நாலு வார்த்தை கதைப்பது என்று ஏற்பாடு. தாய்மார் சிலர் ஓம் என்றார்கள். தமிழ்த் தகப்பன்மார் எல்லாருக்கும் அன்றைக்கென்று பார்த்து ஷிப்ட் வந்துவிட்டது. யாக்கோப்பர் ஒருவர்தான் கேட்ட உடனேயே சம்மதித்தார். புது டை வாங்கினார். சிவப்பு விளக்கில் பஸ் நிற்கும்போதெல்லாம் வாய்க்குள் பேச்சைப் பாடமாக்கினார். பயணிகள் அவர் செபம் செய்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

பிறகு போஸ்டர் வந்தது. போனில் பெரிதாக்கிப் பார்த்தார். மகளோடு நிற்கும் தன் படம் நன்றாகத்தான் இருந்தது. படத்துக்குக் கீழே மகளின் பேர், ட்ரான்ஸ் பெண் என்று. அதற்குப் பக்கத்தில் அவர் பேர், சிஸ் தகப்பன் என்று. யாக்கோப்பர் அப்போதே மகளுக்குப் போன் அடித்தார்.

"இதென்ன பிள்ளை, சிஸ்?"

"அது அப்பா, பிறக்கேக்க ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டு என்ன சொன்னவையோ, மனசாலயும் அப்பிடியே இருக்கிற ஆக்களைச் சொல்லுறது. நீங்கள், அம்மா, மாமா, கனபேர் அதுதான்."

"அதுக்குத்தான் ஏற்கனவே பேர் இருக்கே. ஆம்பிளை."

"ட்ரான்ஸ் ஆம்பிளையும் ஆம்பிளைதானே அப்பா. வித்தியாசம் சொல்ல வேண்டி வந்தால் ரெண்டு பக்கத்துக்கும் ஒரு சொல்லு வேணும்."

"வித்தியாசமெண்டால் வித்தியாசமான பக்கத்துக்குச் சொல்லுங்கோ. என்னை ஏன் இழுக்கிறியள்? உனக்கு நீ பேர் வைச்சாய், நான் ஒரு சொல்லுச் சொன்னனானோ? எனக்கு ஆரைக் கேட்டுப் பேர் வைக்கிறாய்?"

இந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. அறுபது வயதுவரை இல்லாத ஒரு பட்டத்தை, கேட்காமல் கொள்ளாமல் கொண்டுவந்து ஒருவர் தலையில் வைத்தால் யாருக்கும் எரிச்சல் வரும். அதோடு நிறுத்தியிருந்தால் றஜீனாவும் சிரித்துக்கொண்டு விட்டிருப்பாள். யாக்கோப்பர் நிறுத்துகிற ஆளா?

"நான் சிஸ்ஸும் இல்லை, கிஸ்ஸும் இல்லை. நான் சும்மா ஆம்பிளை. நோமல்."

"அப்ப நான் என்னப்பா?"

யாக்கோப்பர் யோசித்தார். மகளைச் சந்தோசப்படுத்துகிற மாதிரி ஏதாவது சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தார்.

"நீ ஸ்பெஷல்" என்றார்.

"நீங்கள் வரவேண்டாம் அப்பா. உங்களை மாதிரி சிஸ் ஆக்களோட கதைச்சுப் பிரியோசனம் இல்லை" என்று சொல்லிவிட்டு றஜீனா போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு அவள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்தச் சொல்லை எடுத்தால் வருவேன் என்று யாக்கோப்பர் ஒற்றைக் காலில் நின்றார். அதில் பிழை ஒன்றும் இல்லை, எடுக்க முடியாது என்று மகள் நின்றாள். கூட்டத்துக்கு இன்னும் ஒரு கிழமைதான். அவர் போகாவிட்டால் தகப்பன் என்று சொல்ல யாரும் இல்லாமல், ஊரே பார்த்துக்கொண்டிருக்க, பிள்ளை தனியாக மேடையில் நிற்பாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து மனம் கிடந்து அடித்தது. ஆனாலும் ஏறிய பிடிவாதத்திலிருந்து இறங்குவதற்கு வழி தெரியவில்லை.

அந்தக் கிழமை பூசை முடிந்ததும் ஆதரவு திரட்டப் புறப்பட்டார். சிஸ் என்றால் என்ன என்று மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாவிட்டாலும் எல்லாரும் அவர் பக்கமே நின்றார்கள்.

"கேக்கவே ஒரு மாதிரிக் கிடக்கு, அண்ணை" என்றாள் றூபினி. பூசைக்கு வருகிறவர்களின் வாட்ஸ்அப் குறூப்பை நடத்துகிறவள் அவள்.

"இது ஏச்சுத்தான். கேஸ் போடலாம்" என்றார் இன்னொருவர்.

தேத்தண்ணி மேசைக்குப் பக்கத்தில் மன்னார் யாக்கோப்பு நின்றார். அந்தப் பூசைக்கு யாக்கோப்பு என்று இரண்டு பேர் வருவார்கள். ஒருவர் நம்முடைய யாக்கோப்பு. மற்றவர், மன்னாரில் இருந்து வந்ததால், மன்னார் யாக்கோப்பு, எழுபது தாண்டிய, அதிகம் வாய் திறக்காத மனிதர்.

"தம்பி, உங்களுக்கு அந்தப் பேரில கோவமோ, கேக்காமல் வைச்சதில கோவமோ?" என்று அவர் கேட்டார்.

"ரெண்டிலயுந்தான்."

"ம்" என்று தேத்தண்ணியைக் குடித்தார். "எனக்கும் முந்திக் கோவம் வாறது" என்றார்.

எதற்குக் கோபம் என்று யாக்கோப்பர் கேட்கவில்லை. அவருக்குத் தன் கோபத்தைச் சொல்லி முடிக்கவே நேரம் போதாமல் இருந்தது.

வியாழக்கிழமை யாக்கோப்பருக்கு விடியப்புற ஷிப்ட். றோஸ்மலர் தங்கை மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கென்று பாரிஸுக்குப் போயிருந்தாள். பஸ் ஓட்டும்போது போனைத் தொட்டால் வேலை போய்விடும் என்பதால் அதைச் சத்தமில்லாமல் ஆக்கிப் பைக்குள் வைத்திருந்தார். மத்தியானம் இறங்கி வந்து பார்த்தால் பற்றரி செத்துக் கிடந்தது. போனால் போகட்டும் என்று லூயிஷாம் சந்தைக்குள் புகுந்து நல்ல கொழுத்த நண்டாகப் பொறுக்கி வாங்கினார். தானே சமைத்து வால்தம்ஸ்டோவுக்குக் கொண்டுபோவது என்று யோசனை. வாயால் முடியாததை நண்டு முடித்துவைக்கும் என்று நம்பினார்.

தெருவில் திரும்பினால், இரண்டு பக்கமும் கார். அவர் வீட்டு வாசலில் கூட்டம். கறுப்பும் வெள்ளையுமாக உடுத்து, தலை குனிந்து, ஒருவரை ஒருவர் தோளில் தட்டிக்கொண்டு நின்றார்கள். மண்டபத்துப் பிளாஸ்டிக் கதிரைகள்கூட வந்திருந்தன. யாரோ பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். செத்தவீடு என்பது பார்த்த உடனேயே தெரிந்தது. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று நினைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மெல்லப் போய்ப் பின் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவரின் காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்.

"ஆர் மோசம் போனது?"

"எங்கட யாக்கோப்பு அண்ணை" என்றார் அந்த ஆள் திரும்பிப் பாராமல். "பஸ் ஓடிக்கொண்டிருக்கேக்கயாம். பஸ்ஸை ஓரமா நிப்பாட்டி, ஆக்களை இறக்கிவிட்டிட்டுத்தான் செத்தவராம்."

ஐயோ, நல்ல மனிதன் என்று யாக்கோப்பர் நினைத்தார். பயணிகளை இறக்கிவிட்டுச் செத்தது அவருக்கு மிகவும் பிடித்தது. அதற்குப் பிறகுதான், இது யார் யாக்கோப்பு என்ற கேள்வி மெல்ல வந்து சேர்ந்தது.

"நல்ல மனுசன்" என்றது இன்னொரு குரல். "கொஞ்சம் வாய்தான்."

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தபோது, கூட்டத்தின் இடைவெளியால் வாசல்படி தெரிந்தது. அங்கே றஜீனா இருந்தாள். ஆஸ்பத்திரி உடுப்போடேயே ஓடி வந்திருக்கிறாள். தலைமயிர் அவிழ்ந்து, மூக்குச் சிவந்து, சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாள். கையில் போனை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அது அவருடைய செத்த போனுக்குத்தான் அடிக்கிறாள் என்று அவருக்கு விளங்கியது.

"ஆரிந்தப் பிள்ளை?" என்று வந்த பெண் ஒருத்தி கேட்டாள்.

"மகள்" என்றாள் றூபினி.

அவ்வளவுதான். கேட்டவள் வேறு ஒன்றும் கேட்காமல் படியில் உட்கார்ந்து, "என்ர பிள்ளை, அப்பாவைப் பறிகுடுத்திட்டியே" என்று றஜீனாவைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். மற்றப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். தான் இத்தனை வருடம் தேத்தண்ணி மண்டபத்தில் நின்று ஏற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொண்டேன் என்று அடித்த தம்பட்டம் எல்லாவற்றையும்விட இது பெரிது என்று யாக்கோப்பருக்குப் பட்டது. தான் செத்தது ஒருவகையில் நல்லதுதான் என்றுகூட ஒரு நினைப்பு வந்துபோயிற்று.

"றஜீனா" என்று கூப்பிட்டார்.

கூட்டம் திரும்பியது. பிளாஸ்க் விழுந்தது. முன்னால் நின்ற ஆள் சிலுவை போட்டுக்கொண்டு இரண்டடி பின்னால் போய்க் கதிரையில் தடுக்கி விழுந்தார். றஜீனா எழுந்து ஓடி வந்து அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள்.

"ஏன் போனை நிப்பாட்டி வைச்சனீங்கள்? ஏன் நிப்பாட்டி வைச்சனீங்கள்?"

"பற்றரி, பிள்ளை" என்றார். நண்டுப் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்மாவுக்குச் சொன்னனீயே?"

"வாய் வரேல்லை அப்பா."

கொஞ்சம் மூச்சு வந்த பிறகுதான், அப்படியானால் செத்தது யார் என்ற கேள்வி எழுந்தது. றூபினி போனை நீட்டினாள். "எங்கள் அன்பு அப்பா யாக்கோப்பு இன்று காலை இறைபதம் அடைந்தார்" என்று இருந்தது. கீழே மகனின் பேர், கட்ஃபோர்டில் ஒரு விலாசம்.

"இது மன்னார் யாக்கோப்பு!" என்று கத்தினார் யாக்கோப்பர்.

"அப்பாடா" என்றார் யாரோ.

சொன்ன பிறகுதான் சொன்னவருக்கும் கேட்டவர்களுக்கும் சுரணை வந்தது.

"மகன் அனுப்பினதை அப்பிடியே போட்டிட்டு வேலைக்கு ஓடினனான்" என்றாள் றூபினி அழாக்குறையாக. "மன்னார் எண்டு அவர் போடேல்லையே. யாக்கோப்பு எண்டால் நீங்கள்தானே அண்ணை. விலாசத்தை ஆர் பாத்தது?"

"அதைத்தான் கேக்கப்போறன்" என்றார் யாக்கோப்பர். "ஒரு சொல்லுப் போட்டிருந்தால் என்ர பிள்ளை இப்பிடித் துடிச்சிருக்குமே?"

அழுகை தயாராக இருந்தது, தேத்தண்ணியும் மிச்சம் இருந்தது. கதிரைகளையும் தூக்கிக்கொண்டு கூட்டம் அப்படியே கட்ஃபோர்டுக்குப் போயிற்று. நண்டைப் பிறிட்ஜுக்குள் வைத்துவிட்டு, யாக்கோப்பரும் றஜீனாவும் ஒருவருடைய காரில் தொற்றிக்கொண்டார்கள்.

கட்ஃபோர்டில் திரேசம்மா, செத்துப்போனவரின் மனைவி, சோபாவின் ஓரத்தில் இருந்தார். யாக்கோப்பர் கையைப் பிடித்துத் துக்கம் சொன்னார். மனப்பூர்வமாகத்தான் சொன்னார். அதோடு எழும்பி வந்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. மன்னார் எண்டு ஒரு சொல்லுப் போட்டிருந்தால் இந்தக் கரைச்சல் வந்திராது. நான் செத்ததெண்டு என்ர வீட்டில செத்தவீடு நடந்திட்டுது."

"அவர்தான் போட வேண்டாமெண்டு மகனிட்டச் சொல்லிப்போட்டுப் போனவர், தம்பி."

"ஏன் அக்கா, மன்னார் எண்டுறதில என்ன வெக்கம்?"

"வெக்கமோ? அவருக்கு மன்னார் எண்டால் உயிர்." திரேசம்மா மூக்கைத் துடைத்தார். "ஊரில அவர் யாக்கோப்பு. இஞ்ச வந்து உங்களோட சேந்தாப்பிறகுதான் மன்னார் யாக்கோப்பு. 'அந்த ஆள் சும்மா யாக்கோப்பாம், நான் மட்டும் ஒரு மாதிரி யாக்கோப்பாம்' எண்டு ஒவ்வொரு பூசைக்கும் போயிற்று வந்து சொல்லுவார். செத்தாப்பிறகாவது சும்மா யாக்கோப்பா இருக்கட்டும் எண்டு நினைச்சார் போல."

"நாங்கள் குறைவா நினைச்சுச் சொல்லேல்லை அக்கா" என்றார் மெதுவாக. "அடையாளத்துக்குத்தான்."

"தெரியும். நாங்களும் வீட்டில உங்களுக்கு ஒரு பேர் வைச்சிருந்தனாங்கள், அடையாளத்துக்கு."

"எனக்கோ? என்ன பேர்?"

"யாழ்ப்பாணத்து யாக்கோப்பு."

யாக்கோப்பருக்குச் சுள்ளென்று ஏறியது. இருந்த இடத்தில் நிமிர்ந்தார்.

"யாழ்ப்பாணத்து யாக்கோப்போ? ஏன், நான் என்ன பிழை செய்தனான்?"

திரேசம்மா அவரைப் பார்த்தார். விடியப்புறம் தொடங்கி அழுத முகம் கோணியது. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்தபடியே, "அவர் இருந்து இதைப் பாத்திருக்க வேணும்" என்று சொல்லித் திரும்ப அழுதார். றஜீனா தலையை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதைக் கண்டு, அழுகிறாளாக்கும் என்று ஒரு அம்மா பக்கத்தில் வந்து அவள் முதுகைத் தடவிவிட்டார்.

யாக்கோப்பர் எழுந்து உள்ளே போனார். பெட்டி இன்னும் வரவில்லை, படம் மட்டும் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் இருந்தது. "அண்ணை" என்றார். கேட்க வேண்டிய ஒரு கேள்வியை அன்றைக்கு மண்டபத்தில் கேட்காமல் விட்டது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

வந்த கார் போய்விட்டதால் இரண்டு பேரும் திரும்புவதற்கு பஸ் தரிப்பில் வந்து நின்றார்கள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா, போஸ்டரில அந்தச் சொல்லை எடுத்திட்டன்" என்றாள் றஜீனா. "காலமையே எடுத்திட்டன், நீங்கள் செத்திட்டீங்கள் எண்டு கேள்விப்பட முதலே. சும்மா தகப்பன் எண்டுதான் இருக்கு."

"ஏன், அதில பிழையில்லை எண்டுதானே நிண்டனீ?"

"சொல்லில பிழையில்லை அப்பா. ஆனால் அண்டைக்குப் போனில 'உங்களை மாதிரி சிஸ் ஆக்கள்' எண்டு சொன்னனான் எல்லே, அது ஏச்சுத்தான். உங்களுக்கு நோக வேணும் எண்டுதான் சொன்னனான்."

"நொந்ததுதான்" என்றார் யாக்கோப்பர்.

பஸ் வரும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பஸ் வந்தது, அவர்களுடையது இல்லை, போய்விட்டது.

"திரும்பப் போடு" என்றார்.

"என்னத்தை?"

"அந்தச் சொல்லை. படத்துக்குக் கீழ."

"உங்களுக்குப் பிடிக்காதே அப்பா."

"பிடிக்காதுதான். இப்பவும் பிடிக்கேல்லை. ஏதோ நோய் வருத்தத்தின்ர பேர் மாதிரிக் கிடக்கு. மேடையில ஏறியும் பிடிக்கேல்லை எண்டுதான் சொல்லுவன், தடுக்காதே."

"பிறகேன் போடச் சொல்லுறியள்?"

"ரெண்டு பேர் நிக்கப்போறம்" என்றார் யாக்கோப்பர். "ஒராளுக்கு மட்டும் பேர் இருந்தால், வாறவை அந்த ஆளை மட்டுந்தான் உத்துப் பாப்பினம். என்னையும் கொஞ்சம் பாக்கட்டும்."

றஜீனா அவருடைய பஸ் சட்டைத் தோளில் முகத்தை வைத்தாள். மத்தியானம் அவர் செத்துப்போனார் என்று அழுததைவிட இப்போது கூடவாக அழுதாள்.